மூச்சு வாங்குகிறது, காரணம் தெரியவில்லை: எந்த டாக்டரிடம் முதலில் போவது?

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் ஒரு நுரையீரல் நிபுணரின் கிளினிக்கில் மூச்சுப் பரிசோதனை எடுப்பது என் வேலை. மூக்கில் கிளிப் மாட்டி, குழாயை வாயில் இறுக்கிப் பிடிக்கச் சொல்லி, "நல்லா இழுங்க, இப்ப ஊதுங்க, ஊதுங்க, விடாதீங்க, இன்னும் கொஞ்சம்" என்று நாள் முழுக்க உரக்கச் சொல்லிக்கொண்டிருப்பேன். வருகிறவர்களில் பலர் சரியான இடத்துக்குத்தான் வருகிறார்கள். ஆனால் வாரத்துக்கு ஒருவராவது, பல வாரம் காத்திருந்து, பணமும் கட்டி, மூச்சு தீர ஊதி முடித்து, "நுரையீரல் நல்லாத்தான் இருக்கு" என்ற பதிலைக் கேட்டுவிட்டு அப்படியே உட்கார்ந்திருப்பார். சந்தோஷப்பட வேண்டிய செய்தி அது. ஆனால் அவர் முகத்தில் சந்தோஷம் இருக்காது. "அப்ப எனக்கு என்னதாங்க?" என்பார்.

சனிக்கிழமை கோயில் தமிழ் வகுப்புக்குப் பிள்ளைகளைக் கூட்டி வரும் பெற்றோர் என்னிடம் அடிக்கடி கேட்பதும் இதைத்தான். "அக்கா, அம்மாவுக்கு மாடி ஏறினா மூச்சு வாங்குது. ஹார்ட் டாக்டரா, லங் டாக்டரா?" நான் மருத்துவர் இல்லை. ஆனால் தவறான கதவைத் தட்டியவர்களைப் பதினைந்து வருஷமாகப் பக்கத்தில் இருந்து பார்த்திருக்கிறேன். என் வீட்டிலேயே ஒருவர் அப்படி ஆறு மாதம் இழந்தார். அதனால் எழுதுகிறேன்.

## யோசிக்கவே கூடாத நேரம்

உட்கார்ந்திருக்கும்போதே ஒரு வாக்கியத்தை முழுதாகச் சொல்ல முடியவில்லை, உதடோ நாக்கோ நீலம் பாய்கிறது, நெஞ்சில் பாரம், வியர்வை, மயக்கம், சளியில் ரத்தம், சாப்பிட்ட பின்போ பூச்சி கடித்த பின்போ முகமும் உதடும் வீங்குகின்றன, மூச்சுத் திணறல் திடீரென்று வந்தது, கூடவே ஒரு காலில் மட்டும் வீக்கமோ வலியோ இருக்கிறது. இதில் எது இருந்தாலும் நிபுணரைத் தேட வேண்டாம். ஆம்புலன்ஸுக்கு 10177, அல்லது கைபேசியிலிருந்து 112. பக்கத்தில் எந்த மருத்துவமனை இருக்கிறதோ அதன் அவசரப் பிரிவு. "மெடிக்கல் எய்ட் (தனியார் மருத்துவக் காப்பீடு) இல்லையே" என்று தயங்க வேண்டாம். அவசரச் சிகிச்சையை யாருக்கும் மறுக்கக் கூடாது என்று தென்னாப்பிரிக்க அரசியல் சாசனத்தின் 27ஆம் பிரிவே சொல்கிறது.

விரலில் மாட்டி ஆக்ஸிஜன் அளவு பார்க்கும், கோவிட் காலத்தில் வாங்கிய ஆக்ஸிமீட்டர் பல வீடுகளில் இருக்கும். வழக்கமாக 95க்கு மேல் காட்டுகிறவருக்கு 92க்குக் கீழே இறங்கினால் அதுவும் அவசரம்தான். ஒரு விஷயம்: கருத்த தோலில் இந்தக் கருவி உண்மையைவிட ஓரிரு புள்ளி கூடுதலாகக் காட்டக்கூடும். நகப்பூச்சு இருந்தாலும் கணக்கு தப்பும். அதனால் எண் நன்றாக இருந்து ஆள் மோசமாக இருந்தால், ஆளை நம்புங்கள்.

இனி சொல்வதெல்லாம் வாரக்கணக்கில், மாதக்கணக்கில் மெல்ல வந்து நிற்கும் மூச்சு வாங்கலைப் பற்றி.

## எதை வைத்து ஒப்பிடுவது?

நான்கு கேள்விகள் போதும். நோயாளி சொல்லும் கதை எந்தப் பக்கம் காட்டுகிறது? அந்த டாக்டரின் அறையில் எந்தப் பரிசோதனை அன்றே நடக்கும்? காத்திருப்பும் செலவும் எவ்வளவு? நான்காவதை யாரும் கேட்பதில்லை, ஆனால் எனக்கு அதுதான் முக்கியம்: "என் பக்கத்தில் ஒன்றும் இல்லை" என்று அவர் சொல்லிவிட்டால், அடுத்த அடியை யார் எடுத்து வைப்பார்?

முதல் கேள்விக்கு நம் மொழியே பாதி பதில் வைத்திருக்கிறது. மேடு ஏறினால் "மூச்சு வாங்குது" என்கிறோம். நெஞ்சுக்குள் விசில் அடித்தால் "இழுக்குது", "இரைக்குது". படுத்தால் "மூச்சு முட்டுது", எழுந்து உட்கார்ந்தால் சரியாகிறது. சும்மா இருக்கும்போதே "மூச்சு நிறைய மாட்டேங்குது", அதனால் பெருமூச்சும் கொட்டாவியுமாக வருகிறது. இவை நான்கும் நான்கு வேறு கதைகள். ஆனால் டர்பனில் ஆயா தமிழில் சொன்னதைப் பேரன் டாக்டரிடம் ஆங்கிலத்தில் சொல்லும்போது நான்கும் "டைட் செஸ்ட்" ஆகிவிடுகின்றன. அவ்வளவு நேரம் யோசித்து ஆயா தேர்ந்தெடுத்த சொல் அங்கேயே தொலைந்துபோகிறது.

அதற்காகச் சொல்லை வைத்தே நோயைத் தீர்மானிக்க முடியாது. இதயம் பலவீனமானாலும் விசில் சத்தம் வரும். ஆஸ்துமா வெறும் இருமலாகவும் வரும். ஆனால் எந்தக் கதவை முதலில் தட்டுவது என்பதற்கு அந்தச் சொல் நல்ல வழிகாட்டி. எனவே மொழிபெயர்ப்பதற்கு முன், எப்போது, எப்படி, எந்த நிலையில் வருகிறது என்று ஆயாவிடம் கேட்டு, அதைச் சொல்லுங்கள்.

## குடும்ப டாக்டர் (ஜீபி), அல்லது பக்கத்து அரசு கிளினிக்

பெரும்பாலானோருக்கு இதுதான் முதல் கதவு என்பது என் கருத்து. பலர் இதைத் தாண்டிக் குதிக்கவே ஆசைப்படுகிறார்கள். "ஜீபி என்ன பண்ணப்போறார், எழுதித்தானே கொடுப்பார்" என்பார்கள். மூச்சு வாங்குவதற்குக் காரணம் நுரையீரலும் இதயமும் மட்டுமில்லை. ரத்தச்சோகை, தைராய்டு, சிறுநீரகம், உடல் எடை, பழக்கம் விட்டுப்போன தசைகள் என்று எல்லாம் வரும். அவற்றையெல்லாம் ஒரே தடவையில் சல்லடை போடக் கூடியவர் இவர்தான்.

போன வருஷம் ஒரு பள்ளி ஆசிரியை வந்தார். நாற்பது வயதுக்காரர். அவர் ஊதிய ஊதலைப் பாடப் புத்தகத்திலேயே போடலாம், திரையில் அவ்வளவு அழகான கோடு. ஊதி முடித்து கிளிப்பைக் கழற்றும்போது பார்த்தேன், கண்ணின் கீழிமை உட்புறம் காகிதம் மாதிரி வெளுத்திருந்தது. மாதவிடாய் எப்படி என்று மெல்லக் கேட்டேன். பத்து நாள் போகுமாம், மூன்று வருஷமாக. "எங்க அம்மாவுக்கும் அப்படித்தான்" என்றார். ஹீமோகுளோபின் 7க்குப் பக்கத்தில் இருந்தது. ஒரு ரத்தப் பரிசோதனையில் தெரிந்திருக்க வேண்டியதற்கு அவர் எங்கள் நிபுணருக்காக இரண்டு மாதம் காத்திருந்திருக்கிறார்.

ஜீபியிடம் கேட்டு வாங்க வேண்டியவை: ரத்த அழுத்தம், நாடி, உட்கார்ந்தபடியும் வராந்தாவில் ஒரு நடை நடந்த பின்பும் ஆக்ஸிஜன் அளவு, ஈசிஜி, மார்பு எக்ஸ்ரே, ரத்தத்தில் ஹீமோகுளோபின், சர்க்கரை, சிறுநீரகம், தைராய்டு. வயதானவர், பிரஷர்காரர், சர்க்கரைக்காரர் என்றால் என்டி-புரோ-பிஎன்பி என்ற ரத்தப் பரிசோதனையையும் சேர்க்கச் சொல்லுங்கள். அது 125க்குக் கீழே இருந்தால் இதயச் செயலிழப்புக்கான வாய்ப்பு வெகுவாகக் குறைகிறது. பருமனானவர்களுக்கு இந்த எண் இயல்பாகவே குறைந்து காட்டும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

இருமலும் சேர்ந்து, எடை குறைந்து, இரவில் வியர்க்கிறது என்றால் எல்லாவற்றுக்கும் முன்னால் சளிப் பரிசோதனை. காசநோய் அதிகம் உள்ள நாடு இது. "நம்ம வீட்டுலயா" என்று நினைக்க வேண்டாம். அரசு கிளினிக்கில் பரிசோதனையும் மருந்தும் இலவசம். பத்து வருஷத்துக்கு முன் காசநோய் வந்து குணமானவருக்குக்கூட அந்த வடு இன்றைக்கு மூச்சு வாங்க வைக்கும். எனவே பழைய கதையையும் சொல்லிவிடுங்கள்.

இங்கே மறைந்திருக்கும் செலவு, பம்ப், அதாவது இன்ஹேலர். ஊதிப் பார்க்காமல், எக்ஸ்ரே எடுக்காமல், "ஆஸ்துமா மாதிரி இருக்கு, இதை அடிங்க" என்று ஒரு பம்ப் கையில் வரும். அப்புறம் மாதாமாதம் அதே சீட்டு. சில வாரம் ஒழுங்காக அடித்தும் தெளிவான மாற்றம் இல்லையென்றால், கேள்வி கேட்கும் நேரம் வந்துவிட்டது.

## நுரையீரல் நிபுணர்

"இழுக்குது", "இரைக்குது" என்று சொல்பவர்களுக்கு இவர். இரவிலும் விடியற்காலையிலும் மோசமாவது, சாம்பிராணிப் புகையில் இருமல் கிளம்புவது, சின்ன வயதில் சொறியும் தும்மலும் இருந்தது, சிகரெட், ஹப்ளி (ஹூக்கா), பழைய காசநோய், கோவிட்டுக்குப் பின் திரும்பாத தெம்பு, எக்ஸ்ரேயில் ஏதோ நிழல். நடந்தால் ஆக்ஸிஜன் சட்டென்று இறங்குகிறது என்றாலும் இவரிடம் சீக்கிரம் போக வேண்டும்.

எங்கே வாழ்ந்தார், என்ன வேலை செய்தார் என்பதும் சேர்த்தி. எண்ணெய் சுத்திகரிப்பு ஆலைகளின் நிழலில், தெற்கு டர்பனின் மெர்பேங்கில் வளர்ந்தவர்கள் உண்டு. டர்பனுக்கு வடக்கே டொங்காட் பக்கம் கரும்புக்காட்டைக் கொளுத்தும் மாதங்களில் துணிக்கொடியில் கரித்தூள் விழுந்து கிடக்கும். அந்தப் பருவத்தில் மட்டும் மூச்சு மோசமாகிறதா என்று குறித்து வையுங்கள். சுரங்கத் தூசி, துணி ஆலை, ரசாயனக் கிடங்கு, வீட்டில் வளர்க்கும் புறா, எல்லாமே எங்கள் டாக்டர் கேட்பவைதான்.

பரிசோதனையைப் பற்றி என் அனுபவத்தில் இரண்டு விஷயம். முதல் தடவை ஊத வைத்து, மருந்து கொடுத்து, கால் மணி நேரம் உட்கார வைத்து, மறுபடி ஊத வைப்போம். இரண்டாவது ஊதலில் 12 சதவீதமும் 200 மில்லியும் கூடியிருந்தால், சுருங்கிய குழாய்கள் மருந்துக்கு விரிகின்றன என்று அர்த்தம். அன்று காலையில் "டாக்டரைப் பார்க்கப் போறோமே, நல்லா இருக்கட்டும்" என்று பம்ப் அடித்துவிட்டு வந்தால் இந்த வித்தியாசமே தெரியாது. தேதி வாங்கும்போதே எந்த மருந்தை எத்தனை மணி நேரம் நிறுத்தலாம் என்று கேளுங்கள். மூச்சு மோசமானால் மட்டும் தயங்காமல் அடியுங்கள், தேதியை மாற்றிக்கொள்ளலாம்.

இரண்டாவது, நல்ல நாளில் வந்து ஊதினால் ஆஸ்துமாக்காரரின் கோடும் நேராகத்தான் இருக்கும். ஒரு தடவை நன்றாக வந்ததால் ஆஸ்துமா இல்லை என்று ஆகாது. வீட்டில் ஊதிப் பார்க்கும் சிறிய பீக் ஃப்ளோ கருவியில் காலையும் மாலையும் இரண்டு வாரம் எழுதிக்கொண்டு வரச் சொன்னால் சலிக்காமல் எழுதுங்கள். அந்தத் தாள் பல தடவை எங்கள் கம்ப்யூட்டரைவிட அதிகம் சொல்லியிருக்கிறது.

## இதய நிபுணர்

என் மாமனாரைப் பற்றிச் சொல்ல வேண்டிய இடம் இது.

வயது 71. சர்க்கரையும் பிரஷரும் இருபது வருஷமாக. பிப்ரவரியில் இருமலும் இரைப்புமாக வந்தது. டாக்டர் பம்ப் எழுதினார். நானே கிளினிக்குக்குக் கூட்டிப்போய் ஊத வைத்தேன், வயதுக்கேற்ற அளவு வந்தது. அப்பாடா என்று விட்டுவிட்டேன். ஆகஸ்டில் ஒரு நாள் அத்தை பேச்சுவாக்கில் சொன்னார்: "உங்க மாமா இப்பல்லாம் கட்டில்ல படுக்குறதே இல்லம்மா. சோபாவுலதான்." உள்ளே போய்ப் பார்த்தேன். சோபாவில் மூன்று தலையணை அடுக்கியிருந்தது. சாக்ஸைக் கழற்றச் சொன்னால், கணுக்காலில் சாக்ஸின் வார் பதிந்த பள்ளம். விரலால் அழுத்தினால் குழி அப்படியே நின்றது. ஊதுகிறவர்களிடம் ஆயிரம் கேள்வி கேட்கிற நான், வீட்டில் தலையணை எத்தனை என்று ஆறு மாதமாகக் கேட்கவில்லை.

எக்கோ என்ற இதய ஸ்கேனில் "பம்பிங் 58 சதவீதம், நார்மல்" என்று வந்தது. அங்கேயே நின்றிருந்தால் மறுபடி தவறியிருப்போம். இதயம் சுருங்குவது சரியாக இருந்தும், விறைத்துப்போய் விரிய மறுப்பதால் வரும் செயலிழப்பு ஒன்று உண்டு. வயதானவர்கள், அதிலும் சர்க்கரை, பிரஷர், எடை உள்ளவர்களிடம் அது சகஜம். மாமாவைப் பார்த்த நிபுணர் கால் வீக்கத்தையும் ரத்தப் பரிசோதனையையும் சேர்த்துப் பார்த்துச் சொன்னார். நீர் மாத்திரை தொடங்கிப் பத்து நாளில் கட்டிலுக்குத் திரும்பிவிட்டார்.

ஆக, "பம்பிங் நார்மல்" என்ற ஒரு வரியோடு வெளியே வராதீர்கள். இதயம் விரிவது எப்படி, வால்வுகள் எப்படி, நுரையீரல் அழுத்தம் எப்படி என்று கேளுங்கள்.

இவரிடம் முதலில் போக வேண்டியவர்கள்: படுத்தால் முட்டுகிறவர்கள், நடுராத்திரியில் மூச்சுக்காக எழுகிறவர்கள், கோலம் போடவோ ஷூ கட்டவோ குனிந்தால் அரை நிமிஷத்தில் மூச்சு வாங்குகிறவர்கள், கால் வீங்குகிறவர்கள், படபடப்பு உள்ளவர்கள். போன மாதம் சுலபமாக ஏறிய, டர்பனின் சாட்ஸ்வொர்த் மேட்டில் இந்த மாதம் இரண்டு தடவை நிற்க வேண்டியிருக்கிறது, நின்றால் சரியாகிறது என்றால் அது இதய ரத்தக்குழாய் அடைப்பின் அறிகுறியாக இருக்கலாம். சர்க்கரைக்காரர்களுக்கு நெஞ்சுவலியே இல்லாமல் வெறும் மூச்சு வாங்கலாகவும் அது வரலாம். தென்னாப்பிரிக்க இந்திய வம்சாவளியினரிடம் இளம் வயதிலேயே மாரடைப்பு வருவதை இங்குள்ள மருத்துவர்கள் பல பத்தாண்டுகளாகச் சொல்லிவருகிறார்கள். நாற்பதைத் தாண்டி, அப்பாவுக்கோ அண்ணனுக்கோ இளமையில் மாரடைப்பு வந்திருந்தால் தள்ளிப்போடாதீர்கள்.

இன்னொரு கூட்டம் கவனத்துக்கே வராமல் போகிறது: பிள்ளை பெற்ற பெண்கள். பிரசவத்துக்கு முந்தைய கடைசி மாதத்திலிருந்து பிறகு ஐந்து மாதம் வரைக்கும் இதயத் தசை பலவீனமாகும் ஒரு நோய் உண்டு, இந்த நாட்டில் அது அபூர்வம் இல்லை. "பிள்ளை பெத்தா அப்படித்தான் இருக்கும்" என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். படுக்க முடியவில்லை என்றால் அன்றே காட்டுங்கள்.

## பிசிஷியன் என்ற பொது மருத்துவ நிபுணர்

தமிழ்நாட்டிலிருந்து வருகிறவர்கள் குழம்பும் சொல் இது. இங்கே பிசிஷியன் என்றால் ஜீபி இல்லை. முழு உடலையும் சேர்த்துப் பார்க்கும் மேல்நிலை நிபுணர். அறுபதைத் தாண்டியவர், மூன்று நோய், எட்டு மாத்திரை, கதையோ எந்தப் பக்கமும் தெளிவாகச் சாயவில்லை என்றால், நான் இதய நிபுணரையும் நுரையீரல் நிபுணரையும்விட இவரைத்தான் சொல்வேன். என் நான்காவது கேள்விக்கு இவரிடம்தான் நல்ல பதில் இருக்கிறது. "என் பக்கத்தில் இல்லை" என்று இவர் சொல்ல முடியாது, எல்லாப் பக்கமும் இவருடையதே.

மாத்திரைப் பட்டியலைக் கவனமாக வாசிக்கிறவரும் இவர்தான். பிரஷருக்குத் தரும் பீட்டா பிளாக்கர், கண் அழுத்தத்துக்குப் போடும் டிமோலால் சொட்டு மருந்து, இரண்டும் ஆஸ்துமாக்காரரின் மூச்சை இறுக்கக்கூடும். கண்ணில் விடும் சொட்டு மூச்சைத் தொடும் என்று யார் நினைப்பார்? மூட்டு வாதத்துக்கான மெத்தோட்ரெக்ஸேட், இதயத் துடிப்புக்கான அமியோடரோன் போன்றவை சிலருக்கு நுரையீரலையே பாதிக்கும். எதையும் நீங்களாக நிறுத்த வேண்டாம், பட்டியலை முழுதாகக் காட்டினால் போதும்.

குறை: எக்கோவுக்கும் ஊதும் பரிசோதனைக்கும் பெரும்பாலும் வேறு இடத்துக்குத்தான் அனுப்புவார். பில்களும் அதற்கேற்பக் கூடும்.

## மற்றவர்கள்

மூச்சை உள்ளே இழுக்கும்போது தொண்டையில் சத்தம், குரல் மாற்றம் என்றால் காது மூக்கு தொண்டை டாக்டர். கை கால் பலவீனத்தோடு மூச்சும் குறைகிறது என்றால் நரம்பு நிபுணர். "மூச்சு நிறைய மாட்டேங்குது", உதட்டைச் சுற்றியும் விரல் நுனியிலும் ஊசி குத்துகிறது, அடிப்படைப் பரிசோதனை எல்லாம் சரி என்றால் மூச்சுப் பயிற்சி தெரிந்த பிசியோதெரபிஸ்ட். அது பிரமை இல்லை, உண்மையான தொல்லை. பழக்கினால் நன்றாகவே சரியாகும். ஆனால் எதையும் பரிசோதிக்காமல் "டென்ஷன்" என்று எடுத்த எடுப்பில் சொல்வதை, குறிப்பாகப் பெண்களிடம் சொல்வதை, நான் ஏற்க மாட்டேன்.

| | யாருக்கு முதல் கதவு | அங்கேயே நடப்பது | மறைந்த செலவு |
|---|---|---|---|
| ஜீபி, அரசு கிளினிக் | கதை தெளிவில்லாத எல்லோருக்கும் | ஈசிஜி, ரத்தம், எக்ஸ்ரே சீட்டு, சளி | பரிசோதனை இல்லாமல் தொடரும் பம்ப் |
| நுரையீரல் நிபுணர் | இழுப்பு, இருமல், புகை, தூசி, பழைய காசநோய் | ஊதும் பரிசோதனை, நடைப் பரிசோதனை | நல்ல நாளில் ஊதி வாங்கும் பொய்யான நிம்மதி |
| இதய நிபுணர் | படுத்தால் முட்டல், கால் வீக்கம், மேட்டில் நிற்பது | எக்கோ, டிரெட்மில் | "பம்பிங் நார்மல்" என்ற ஒற்றை வரி |
| பிசிஷியன் | பல நோய், பல மாத்திரை, வயது | முழுப் பரிசோதனை, மருந்துப் பட்டியல் | வெளியே எடுக்கும் பரிசோதனைகளின் தனி பில் |

## மெடிக்கல் எய்டும் ஒரு சின்ன எண்ணும்

பணம் எங்கே போகிறது என்று பலருக்குத் தெரிவதில்லை. பல திட்டங்களில் ஜீபியின் கடிதம் இல்லாமல் நிபுணரிடம் போனால் பில்லைக் குறைத்துக் கொடுப்பார்கள், அல்லது கொடுக்கவே மாட்டார்கள். கடிதம் இருந்தாலும், நிபுணர் வாங்கும் கட்டணம் திட்டம் தரும் தொகையைவிட அதிகமாக இருந்தால் மீதி உங்கள் பையிலிருந்துதான். அந்த மீதியைக் கட்டும் துணைக் காப்பீடான கேப் கவர் இருக்கிறதே என்று நம்பிப் போகாதீர்கள், அது பெரும்பாலும் மருத்துவமனையில் படுத்தால்தான் கை கொடுக்கும். தேதி வாங்கும்போதே "திட்டத்தின் கட்டணத்துக்குப் பார்க்கிறீர்களா?" என்று கேட்பதில் வெட்கமே வேண்டாம். தினமும் எங்கள் வரவேற்பறையில் கேட்கிறார்கள்.

பில்லில் ஒரு குறியீடு இருக்கும், பாருங்கள். காரணம் தெரியாதவரை ஆர்06.0 என்று போடுவார்கள், வெறும் மூச்சுத் திணறல் என்று பொருள். அந்தக் குறியீட்டோடு போகும் பில் பெரும்பாலும் திட்டத்தில் உங்களுக்கென்று இருக்கும் சேமிப்புக் கணக்கிலிருந்து கழியும். பிறகு ஆஸ்துமா என்று உறுதியானால் ஜே45, இதயச் செயலிழப்பு என்றால் ஐ50. இவை இரண்டும் பீஎம்பி எனப்படும் கட்டாயப் பலன்களின் நாள்பட்ட நோய்ப் பட்டியலில் இருக்கின்றன. அந்த நோயைக் கண்டுபிடிக்க ஆன பரிசோதனைச் செலவும் பீஎம்பியில் அடங்கும். எனவே நோயின் பெயர் கிடைத்ததும், சரியான குறியீட்டோடு பழைய பில்களைத் திரும்ப அனுப்பச் சொல்லுங்கள். நாள்பட்ட மருந்துக்கான விண்ணப்பத்தையும் அன்றே டாக்டரிடம் நிரப்பி வாங்கிவிடுங்கள். திட்டம் மறுத்தால் கவுன்சில் ஃபார் மெடிக்கல் ஸ்கீம்ஸ் என்ற அரசு அமைப்பிடம் முறையிடலாம். மாமாவின் எக்கோவுக்கான பணம் இப்படித்தான் திரும்பி வந்தது.

## அரசு வழி

மெடிக்கல் எய்ட் இல்லாதவர்களுக்குத் தேர்வு கொஞ்சம் வேறு மாதிரி. நிபுணரை நீங்கள் தேர்ந்தெடுக்க முடியாது, கடிதம்தான் தேர்ந்தெடுக்கும். முதலில் பக்கத்து கிளினிக், அங்கே பார்ப்பது இலவசம். அங்கிருந்து சாட்ஸ்வொர்த்தில் ஆர்.கே. கான், ஃபீனிக்ஸில் மகாத்மா காந்தி போன்ற மருத்துவமனை. அதற்கும் மேலே தேவைப்பட்டால் இன்கோசி ஆல்பர்ட் லுதுலி. கடிதம் இல்லாமல் நேரே லுதுலி வாசலில் போய் நின்றால் திருப்பி அனுப்புவார்கள். மருத்துவமனைக் கட்டணம் வருமானத்தைப் பொறுத்தது.

காத்திருப்பு நீளம்தான், மறைக்க வேண்டியதில்லை. ஆனால் பல வருஷக் குறிப்புகள் ஒரே ஃபைலில் இருப்பது பெரிய பலம். காத்திருக்கும்போது நிலைமை மோசமானால் "தேதி இன்னும் வரலையே" என்று வீட்டில் இருக்காதீர்கள். கிளினிக்குக்குத் திரும்பப் போய், என்ன மாறியது என்று சொல்லி, கடிதத்தில் அவசரம் என்று எழுதித் தரக் கேளுங்கள்.

ஊரிலிருந்து வந்திருக்கும் அப்பா அம்மாவுக்கு மூச்சு வாங்கினால் இன்னொரு சங்கடம். பயணக் காப்பீடு பழைய நோய்க்குப் பணம் தராமல் போகலாம், தனியார் மருத்துவமனை முன்பணம் கேட்கும். இருந்தாலும் சென்னையிலிருந்து நீண்ட விமானப் பயணம் செய்து இறங்கிய முதல் சில வாரங்களில் புதிதாக மூச்சு வாங்கினால், செலவைக் கணக்குப் பார்க்கும் விஷயம் இல்லை அது. காலில் உறைந்த ரத்தக்கட்டி நுரையீரலுக்குப் போயிருக்கலாம். நேரே அவசரப் பிரிவு. டர்பனிலிருந்து ஜோகன்னஸ்பர்க் போனதும் மேட்டில் கொஞ்சம் மூச்சு வாங்கினால் அது வேறு. அந்த ஊர் கடலிலிருந்து 1,700 மீட்டருக்கு மேலே இருக்கிறது.

## கையில் ஒரு தாள்

எந்தக் கதவைத் தட்டினாலும் ஒரு தாள் கொண்டுபோங்கள். எப்போது தொடங்கியது. முன்பு என்ன செய்ய முடிந்தது, இப்போது எது முடியவில்லை: கோயில் படி, துணி காயப்போடுவது, பஸ் நிறுத்தம் வரை நடப்பது. நோயாளி சொன்ன சொல், அவர் சொன்னபடியே. எல்லா மாத்திரையும், சொட்டு மருந்தும், நாட்டு மருந்தும். பழைய எக்ஸ்ரேயும் பரிசோதனைத் தாள்களும், "நார்மல்" என்று வந்தவை உட்பட. நிபுணர் தன் பக்கத்தில் ஒன்றும் இல்லை என்று சொன்னால் எழும் முன் இரண்டு கேள்வி: "அடுத்து யாரைப் பார்க்கட்டும்? அதை என் ஜீபிக்கு ஒரு கடிதமாக எழுதித் தர முடியுமா?" எங்கள் டாக்டர் கேட்டால் உடனே எழுதுவார். கேட்பவர்கள்தான் குறைவு.

மாமாவுக்காக அன்று நான் எழுதிய தாள் இன்னும் வீட்டு ஃபைலில் இருக்கிறது. இரண்டாவது வரி: "தைப்பூசத்தின்போது ஒரு தலையணை. இப்போது மூன்று."